மருத்துவர் பேசக் கற்ற வரலாறு

ஒன்றை அறிந்திருத்தல் வேறு. அறிந்ததைப் பிறர்க்கு உணர்த்துதல் வேறு. ஆசிரியத் தொழிலுக்கு வந்தோர் யாவரும் இவ்வேறுபாட்டை முதல் வாரத்திலேயே கண்டுகொள்வர். கணக்கில் வல்லவர் ஒருவர் மூன்றாம் ஆண்டு வகுப்பில் நின்று பின்னத்தை விளக்க முற்பட்டுத் தடுமாறுவதைப் பயிற்சி ஆசிரியர்களை மேற்பார்வையிடும் எவரும் பார்த்திருப்பர். அதனாலேயே கற்பிக்கும் முறை என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் தனிப் பாடமாயிற்று. இதே உண்மையை ஏற்றுக்கொள்ள மருத்துவத் துறைக்கு மிக நீண்ட காலம் பிடித்தது. நோயாளர் சொல்வதைக் கேட்பதும் அவரிடம் பேசுவதும் கற்க வேண்டிய கலை என்று மருத்துவக் கல்லூரிகள் தம் பாடத்திட்டத்தில் எழுதிச் சேர்த்தது இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான். சேர்த்த பின்னரும் மாணவர் பலர் அவ்வகுப்புக்கு அரைமனத்துடனேயே சென்றனர். உடற்கூற்றியலுக்கும் மருந்தியலுக்கும் இரவெல்லாம் கண்விழித்தவர்கள், பேசுவதற்கும் ஒரு பாடமா என்று நகைத்தனர்.

அந்நகைப்பை இளமைச் செருக்கு என்று தள்ளிவிடுதல் எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. மாணவரின் மனப்பான்மைக்கு ஒரு வரலாறு உண்டு. அது அம்மாணவர் பிறப்பதற்கு நெடுங்காலத்திற்கு முன்பே தொடங்கிவிட்டது. அதனை ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், மருத்துவத்தை நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்னும் நான்கு கூறுகளாகப் பகுக்கின்றது. அவ்வரிசையில் முதலிடம் நோயுற்றவருக்கே என்பது ஈண்டு கருதத்தக்கது. கிரேக்க நாட்டு மரபு வேறு வகையாய்ச் சென்றது. ஹிப்போகிரட்டிஸ் பெயரால் வழங்கும் நூல் தொகுதியில் மருத்துவரின் நடையொழுக்கம் பற்றிய சிறு நூல் ஒன்று உள்ளது. நோயாளரைக் கவனிக்கும்போது பெரும்பாலானவற்றை அவரிடமிருந்து மறைத்துவிட வேண்டும் என்றும், அவருடைய இன்றைய நிலையையோ நாளைய நிலையையோ வெளியிடலாகாது என்றும் அந்நூல் மருத்துவருக்கு அறிவுறுத்துகின்றது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய மருத்துவம் இவ்வழியிலேயே நடந்தது. 1803-இல் மான்செஸ்டர் மருத்துவர் தாமஸ் பெர்சிவல் வெளியிட்ட மருத்துவ ஒழுக்க நூலும், அதனைத் தழுவி 1847-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் வகுத்த விதிகளும், கெட்ட செய்தியை மருத்துவர் முந்திக்கொண்டு நோயாளரிடம் கூறலாகாது என்றே உரைத்தன. சொல் கொல்லும் என்று அஞ்சினர். அந்த அச்சத்தில் அன்பும் இருந்தது. அதனை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால், சொல்லக்கூடாது என்று முடிவு செய்துவிட்ட தொழிலுக்கு எவ்வாறு சொல்வது என்னும் பாடம் எதற்கு?

எனினும் அக்காலத்து மருத்துவர் நோயாளர் சொல்வதைக் கேட்டாக வேண்டியிருந்தது. கேட்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. உடலுக்குள் நிகழ்வதைக் காட்டும் கருவி எதுவும் அவரிடம் இல்லை. நோயாளரின் முகம், நாடி, வாய்ச்சொல் ஆகிய மூன்றுமே அவருடைய நூல்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பெயர்பெற்ற மருத்துவர்கள், நேரில் பாராத நோயாளர்க்குக் கடிதத்தின் வழியாகவே மருத்துவம் சொன்னதும் உண்டு. நோயாளரின் சொல்லுக்கு அத்துணை மதிப்பு இருந்தது.

1816-இல் பாரிஸ் நகரில் லென்னக் என்னும் மருத்துவர் ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூசினார்; தாளைக் குழலாகச் சுருட்டி அதன் வழியே இதயத்தின் ஒலியைக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது. 1895-இல் ரோன்ட்கென் எக்ஸ்-ரே கதிர்களைக் கண்டறிந்தார். ஆய்வுக்கூடங்கள் பெருகின. நோயைக் கண்டறிவதில் இவை செய்த நன்மையை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆயினும், நோயாளர் கூறுவதைவிட அவருடைய நுரையீரல் கூறுவதே நம்பத்தக்கது என்னும் எண்ணம் மெல்ல வேரூன்றியது. 1910-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். அவர் மருத்துவர் அல்லர். பள்ளி நடத்திய ஆசிரியர். தரங்கெட்ட பள்ளிகள் பல அவ்வறிக்கையால் மூடப்பட்டன. அறிவியலை அடித்தளமாகக் கொண்ட மருத்துவக் கல்வி உறுதிப்பட்டது. அவ்வடித்தளத்தில் உரையாடலுக்கென ஒரு செங்கல்லும் வைக்கப்படவில்லை.

அக்கல்வி நம் மண்ணுக்கும் வந்தது. 1905-ஆம் ஆண்டு சிங்கப்பூரில், சிப்பாய் லைன்ஸ் பகுதியில், பெண்களுக்கான பழைய மனநோய் மருத்துவமனைக் கட்டடத்தில் 23 மாணவருடன் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. அதனை அமைக்க டான் ஜியாக் கிம் தலைமையில் சீன, மற்றும் பிற சமூகத்தினர் 87,077 வெள்ளி திரட்டித் தந்தனர். அதில் 12,000 வெள்ளி டான் ஜியாக் கிம் அளித்தது. 1910-இல் எழுவர் முதன்முதலாகத் தேறினர். அப்பள்ளியே பின்னர் ஏழாம் எட்வர்ட் மன்னர் பெயர் தாங்கிய கல்லூரியாகி, 1949-இல் ராஃபிள்ஸ் கல்லூரியுடன் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாயிற்று. கோலாலம்பூரில் பேராசிரியர் டி. ஜே. தனராஜ் முதல் தலைவராக இருந்து உருவாக்கிய மருத்துவப் புலம் 1964-இல் முதல் மாணவரைச் சேர்த்துக்கொண்டது. இவை நாம் பெருமையுடன் நினைக்க வேண்டிய செய்திகள்.

ஆயினும் கற்பித்த மொழி ஆங்கிலம்; நோயாளரின் மொழிகளோ மலாய், ஹொக்கியன், கண்டனீஸ், தமிழ் எனப் பல. மேலை நாட்டில் மருத்துவருக்கும் நோயாளருக்கும் இடையே இருந்தது ஓர் இடைவெளி என்றால், மலாயாவில் அதன்மேல் இன்னோர் இடைவெளியும் சேர்ந்தது. நம் தோட்டப்புறங்களில் அவ்விடைவெளியை நிரப்பியவர் 'டிரெசர்'. தொழிலாளர் சட்டங்கள் தோட்ட நிருவாகங்களுக்கு மருத்துவ வசதி செய்யும் கடமையை விதித்திருந்தன. மருத்துவர் எப்போதாவது வருவார். நாள்தோறும் இருந்தவர் மருத்துவ உதவியாளரான டிரெசர்தாம். சுதந்திரத்திற்குப் பின் 1965-இல் இவர்களைப் பதிவு செய்வதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. புண்ணுக்குக் கட்டுப் போட்டதும் கொய்னா மாத்திரையை விழுங்கும்வரை நின்று பார்த்ததும் மட்டும் அவர் வேலையாக இருக்கவில்லை. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையே பாலமும் அவரே.

அப்பாலத்தின் தன்மையைச் சிறுவனாக இருந்தபோது வரிசையில் நின்று கவனித்திருக்கிறேன். வந்திருந்த மருத்துவர் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ கூறுவார். டிரெசர் நோயாளரிடம், "புளி சேத்துக்காதே" என்பார். நோயாளரான அம்மா, வலி எப்போது தொடங்கிற்று, பால்வாளியைத் தூக்கும்போது எந்த இடத்தில் இழுக்கிறது, தன் தாய்க்கும் இப்படித்தான் இருந்தது என்று ஒரு கதையே சொல்லி முடிப்பார். டிரெசர் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் சொல்வார். இருபுறமும் சொல்லப்பட்டவற்றுள் எவ்வளவு அப்பாலத்தைக் கடக்காமல் போயிற்று என்பதை எந்த ஏடும் பதிந்து வைக்கவில்லை. டிரெசரைக் குறை கூறுவதற்காக இதை நான் எழுதவில்லை; வரிசையில் அறுபது பேர் நின்றனர், அவரோ ஒருவர். இவ்வாறு பேச வேண்டும் என்று அவருக்கும் எவரும் கற்பித்ததில்லை. அவருடன் அமர்ந்திருந்த மருத்துவருக்கும் கற்பித்ததில்லை.

மருத்துவக் கல்வியின் இக்குறையை அதன் உள்ளிருந்தே சுட்டியவர்களும் இருந்தனர். 1926-இல் ஹார்வர்டு மருத்துவ மாணவரிடையே உரையாற்றிய பிரான்சிஸ் பீபாடி, நோயின் இயக்கம் அறிந்த இளம் மருத்துவர்கள் நோயுற்ற மனிதரை அறியாது போகின்றனர் என்னும் குறைபாட்டை விரிவாக எடுத்துக்காட்டினார். அப்போது அவரே தீராத நோயுற்றிருந்தார். மறு ஆண்டு மறைந்தார். அவ்வுரை பலராலும் போற்றப்பட்டது. பாடத்திட்டம் மட்டும் மாறவில்லை. ஹங்கேரியிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய மைக்கேல் பாலின்ட், லண்டனில் பொது மருத்துவர்களைச் சிறு குழுக்களாக அமர்த்தி அவர்தம் நோயாளரைப் பற்றி விவாதிக்கச் செய்தார். மருத்துவர் கொடுக்கும் மருந்துகளுள் மருத்துவரும் ஒருவர், ஆனால் அம்மருந்தின் அளவை எந்த நூலும் குறிப்பதில்லை என்னும் கருத்தை அவர் 1957-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். அது தொழில் செய்து பழகிய மருத்துவர்களுக்கு உதவியது. மாணவரிடம் அது சென்று சேர இன்னும் காலம் வேண்டியிருந்தது.

இதற்கிடையே, மறைப்பதே முறை என்னும் பழைய கொள்கை தளர்ந்தது. 1961-இல் அமெரிக்காவில் 219 மருத்துவரிடம் வினவியபோது, புற்றுநோய் உண்டென்பதை நோயாளரிடம் சொல்வதில்லை என்பதே ஏறத்தாழ நூற்றுக்கு 90 பேரின் வழக்கமாக இருந்தது. 1979-இல் அதே வகையில் வினவியபோது நூற்றுக்கு 97 பேர் சொல்வதையே விரும்பினர். பதினெட்டே ஆண்டுகளில் ஈராயிரம் ஆண்டு வழக்கம் தலைகீழாயிற்று. புதிய மருத்துவ முறைகள் தோன்றியதும், நோயாளரின் உரிமை பற்றிய எண்ணம் வலுப்பெற்றதும் இதற்குக் காரணங்கள். சொல்வது கடமை என்றானபின், சொல்லும் முறையை அறியாதிருப்பது குறையாகத் தோன்றத் தொடங்கிற்று.

இக்குறையை உரக்கச் சொன்னவர்களுள் சார்ல்ஸ் பிளெட்சர் என்னும் ஆங்கிலேய மருத்துவரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். 1941 பிப்ரவரி 12 அன்று ஆக்ஸ்போர்டு மருத்துவமனையில், கடுங்கிருமித் தொற்றால் துன்புற்ற காவலர் ஒருவருக்குப் பென்சிலின் ஊசி போடப்பட்டது. நோய் தீர்க்கும் நோக்கில் பென்சிலினை ஊசி வழியே செலுத்திய முதல் முயற்சி என்று அதனைச் சொல்வர். ஊசி போட்ட இளம் மருத்துவர் பிளெட்சர். காவலர் சில நாள்களில் தேறினார். ஆனால் உலகிலிருந்த பென்சிலின் அவ்வளவே. அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தியும் போதவில்லை. மருந்து தீர்ந்தது, அவரும் இறந்தார். இருபதாம் நூற்றாண்டு மருத்துவ அறிவியலின் பெருவெற்றி ஒன்றைத் தம் கையாலேயே தொட்டவர் பிளெட்சர். அவரே பின்னர் 1958-இல் தொடங்கிய பி.பி.சி. தொலைக்காட்சித் தொடரில் மருத்துவத்தைப் பொதுமக்களுக்கு விளக்கினார். புகைபிடித்தலின் தீமை பற்றி லண்டன் அரச மருத்துவக் கல்லூரி 1962-இல் வெளியிட்ட அறிக்கையை உருவாக்குவதில் முன்னின்றார். 1973-இல், மருத்துவத்தில் செய்தித்தொடர்பு என்பதையே பொருளாகக் கொண்டு நூல் எழுதினார். மருத்துவர்கள் நோயாளரிடம் பேசுவதில் தவறுகின்றனர் என்றும், அதனை மாணவப் பருவத்திலேயே கற்பிக்க வேண்டும் என்றும் அதில் வாதிட்டார். அறிவியல் அறியாதவர் இதைச் சொல்லியிருந்தால் மென்மையான பேச்சு என்று ஒதுக்கியிருப்பர். பென்சிலின் ஊசியைப் பிடித்த கை எழுதியதை அவ்வாறு ஒதுக்க இயலவில்லை.

ஆயினும் நூல்களைவிட ஒரு பொறி செய்த பணியே பெரிது என்பது என் எண்ணம். அது ஒலிப்பதிவுக் கருவி. மருத்துவர் தம் பேச்சைப் பற்றி என்ன எண்ணியிருந்தாலும், நாடா அவர் உண்மையில் பேசியதையே திருப்பிச் சொன்னது. லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தைகள் மருத்துவமனையில் பார்பரா கோர்ஷ் என்னும் அம்மையார் 800 சந்திப்புகளைப் பதிவு செய்து 1968-இல் முடிவுகளை வெளியிட்டார். பிள்ளைக்கு என்ன நோய் என்பதே தங்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்று தாய்மாருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் கருதினர். அந்நோய் எதனால் வந்தது என்பதை அறியாமலே ஏறத்தாழப் பாதிப் பேர் வீடு திரும்பினர். நேரமில்லை என்பதே மருத்துவர் எப்போதும் கூறும் விடையன்றோ? சந்திப்பு நீண்டதற்கும் தாயின் மனநிறைவுக்கும் தொடர்பில்லை என்று அவ்வாய்வு காட்டிற்று. இங்கிலாந்தில் பைர்ன், லாங் ஆகிய இருவர் ஏறத்தாழ 2,500 பதிவுகளைக் கேட்டு 1976-இல் எழுதிய நூலில், எந்த நோயாளர் வந்தாலும் மருத்துவர் பலர் தமக்குப் பழகிப்போன ஒரே பாணியில் பேசுவதைக் கண்டனர். 1984-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று இன்னும் கூர்மையானது. 74 சந்திப்புகளில், வந்த காரணத்தை முழுவதும் சொல்லி முடிக்க இடம்பெற்ற நோயாளர் 17 பேரே. சராசரி 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுப் பேச்சைத் தம் வழிக்குத் திருப்பிவிட்டார். பதினெட்டு விநாடி என்பது நம் மாணவன் ஒருவன் வகுப்பின் முன் வந்து நின்று பெயரைச் சொல்லித் தொண்டையைச் செருமி முடிக்கும் நேரம்.

கண்டறிந்தாயிற்று, கற்பிப்பது எவ்வாறு? இங்கேதான் மருத்துவக் கல்வியும் ஆசிரியக் கல்வியும் ஒன்றையொன்று அறியாமலே அருகருகே நடந்தன. 1963-ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நுண்ணிலைக் கற்பித்தல் என்னும் பயிற்சி முறை உருவாயிற்று. பயிற்சி ஆசிரியர் சில மாணவர்க்குச் சில நிமிடம் மட்டும் கற்பிப்பார். அது ஒளிப்பதிவு செய்யப்படும். தாமே அதனைப் பார்த்து, திருத்தி, மீண்டும் கற்பிப்பார். எங்கள் தலைமுறை ஆசிரியர் பலர் இதனைப் பயின்றுள்ளோம். தன் குரலைத் தானே முதன்முறை கேட்கும்போது நாணாதவர் இல்லை. அதே ஆண்டு, அதே கலிபோர்னியாவில், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவர் ஹோவர்டு பாரோஸ், நலமாக உள்ள ஒருவருக்குப் பயிற்சி தந்து நோயாளராக நடிக்கச் செய்து மாணவரைச் சோதித்தார். மருத்துவத்தை நாடக மேடையாக்குகிறார் என்று ஏளனம் எழுந்தது. இன்று உலகெங்கும் மருத்துவக் கல்லூரிகளில் நடிப்பு நோயாளர் உள்ளனர்.

1970-இல் ரே ஹெல்பர் என்னும் குழந்தை மருத்துவர் வெளியிட்ட முடிவு, ஆசிரியராகிய நம்மையும் தூங்கவிடாதது. பிள்ளையின் நோய் பற்றித் தாயிடம் உரையாடும் பணியை முதலாண்டு மாணவருக்கும் இறுதியாண்டு மாணவருக்கும் கொடுத்து ஒப்பிட்டார். தாயின் மனநிலையையும் குடும்ப நிலையையும் அறிந்துகொள்வதில் முதலாண்டு மாணவரே சிறந்து நின்றனர். இறுதியாண்டு மாணவர் நோயைப் பற்றிய கேள்விகளை அடுக்கினர். கல்லூரிக்குள் வரும்போது இருந்த ஒன்று, வெளியேறும்போது இல்லை. அதனை மாணவர் எங்கோ தொலைக்கவில்லை; அவர் மதித்த பெரியோர் அதனைப் பொருட்படுத்தாததைக் கண்டு அவரும் கீழே வைத்துவிட்டார் என்பதே என் கருத்து. வார்டில் பேராசிரியரின் பின்னே செல்லும் மாணவர், அவர் படுக்கைக்குப் படுக்கை எவ்வளவு நேரம் நிற்கின்றார் என்பதைத்தான் பாடமாக எடுத்துக்கொள்கிறார். பாடத்திட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

பேசும் திறன் பிறவிக் குணம், அதைக் கற்பிக்க முடியாது என்னும் வாதத்திற்கு விடை தந்தவர் பீட்டர் மெகுவையர். ஆக்ஸ்போர்டிலும் பின் மான்செஸ்டரிலும் பணியாற்றிய மனநல மருத்துவர் அவர். மாணவரின் உரையாடலைப் பதிவு செய்து, மாணவருடன் அமர்ந்து அதனைக் கேட்டு, எங்கே நோயாளர் கொடுத்த குறிப்பைத் தவறவிட்டார் என்று காட்டினார். இவ்வாறு பயின்றவர் 18 பேரையும் பழைய முறையில் பயின்றவர் 18 பேரையும், அவர்கள் மருத்துவரானபின், ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்துத் தேடிப் பிடித்து மீண்டும் சோதித்தார். 1986-இல் வெளியான முடிவு இது: நோயை அறியும் பொருட்டுக் கேட்கும் திறனில், பதிவின்வழி பயின்றவர்கள் ஐந்தாண்டுக்குப் பின்னும் மேம்பட்டே நின்றனர். ஆனால் நோயாளருக்கு விளக்கம் சொல்வதில் இரு சாராரும் ஒருபோலப் பின்தங்கியிருந்தனர். ஏனெனில் அந்தப் பகுதி எவருக்கும் கற்பிக்கப்படவில்லை. ஐந்தாண்டு அனுபவம் அதனைத் தானாகக் கற்றுத் தந்துவிடவும் இல்லை. அனுபவமே ஆசான் என்று நாம் அடிக்கடி சொல்லி வருகிறோம்; இந்த 36 மருத்துவர்களின் கதை அதற்கு ஒத்துவரவில்லை.

இதன்பின் மறுப்புக்கு இடமில்லாது போயிற்று. 1991-இல் டொரண்டோவில் கூடிய அறிஞர்கள் ஒருமித்த அறிக்கை வெளியிட்டனர். 1993-இல் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம், 'நாளைய மருத்துவர்கள்' என்னும் தன் பரிந்துரையில் உரையாடல் திறனை மருத்துவக் கல்வியின் இன்றியமையாக் கூறுகளுள் ஒன்றாக்கியது. கால அட்டவணையில் வகுப்பு வந்தது. வகுப்பில் மாணவரும் வந்தமர்ந்தனர். அவர்தம் மனம் வந்ததா என்பதே அடுத்த கேள்வி.

அதனை அளக்க முற்பட்டவர்கள் நாட்டிங்ஹம் பல்கலைக்கழகத்தின் சார்லட் ரீசும் அவருடன் பணியாற்றியோரும். 2002-இல் அவர்கள் வெளியிட்ட அளவுகோலில் 26 கூற்றுகள் உள்ளன. பாதி இப்பாடத்தை உயர்த்திப் பேசுபவை; பாதி தாழ்த்திப் பேசுபவை. இத்திறன் குறைவு என்பதற்காக எவரும் பட்டம் இழக்கப் போவதில்லை என்பது போன்ற, மாணவர் தம்முள் பேசிக்கொள்ளும் பேச்சுகளும் அதில் இடம்பெற்றன. ஒவ்வொரு கூற்றையும் எவ்வளவு ஏற்கிறார் என்று மாணவர் குறிக்க வேண்டும். அவ்வாய்வில் இப்பாடத்தை மதித்தவர்களுள் பெண்கள் மிகுதி. தம் பேச்சுத்திறன் இன்னும் வளர வேண்டும் என்று கருதியவர் மதித்தனர். பெற்றோர் மருத்துவராக இருந்த மாணவர் பிறரைவிடக் குறைவாகவே மதித்தனர். இம்மூன்றாம் செய்தி வியப்பூட்டலாம். வீட்டிலேயே பார்த்துப் பழகியாயிற்று, இனி என்ன கற்பது என்று அவர்கள் எண்ணியிருக்கலாம் என்பது என் ஊகம். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியப் பயிற்சிக்கு வரும்போதும் இவ்வகை முகக்குறிப்பைக் கண்டதுண்டு.

இந்த அளவுகோல் பின்னர் நார்வே, இலங்கை முதலிய பல நாடுகளுக்குச் சென்றது. இலங்கை மாணவர் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றுச் சிங்களத்திலும் தமிழிலும் நோயாளரிடம் பேச வேண்டியவர். நம் நிலைக்கு மிக நெருங்கியவர்.

பட்டம் இழக்கப் போவதில்லை என்ற அந்த ஒரு கூற்றிலேயே மாணவரின் மனம் முழுவதும் தெரிகிறது. தேர்வில் இல்லாததைப் படிக்கமாட்டேன் என்பது மருத்துவ மாணவரின் தனிக்குணம் அன்று. நம் பள்ளிகளில் ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்படும்வரை, எழுத்துத் தாள்களுக்குக் கிடைத்த நேரம் கேட்டல், பேச்சுத் திறன்களுக்குக் கிடைத்ததில்லை. அதில் மாணவரைவிட ஆசிரியராகிய நமக்கே பங்கு மிகுதி. மருத்துவக் கல்வியாளர் இதனை உணர்ந்தே தேர்வை மாற்றினர். 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் ரொனால்டு ஹார்டன் புதுவகைச் செய்முறைத் தேர்வை அறிமுகப்படுத்தினார். மாணவர் மணியோசைக்கு ஏற்ப நிலையம் நிலையமாகச் சென்று, ஒவ்வொன்றிலும் ஒரு பணியைச் செய்து காட்ட வேண்டும்; தேர்வாளர் முன்கூட்டியே வகுத்த பட்டியலின்படி புள்ளி வழங்குவார். நோயாளரிடம் பேசுதலும் இதனால் புள்ளி பெறும் பணியாயிற்று. அமெரிக்காவில் 2004-இல் நடிப்பு நோயாளரைக் கொண்டு நடத்தும் தேர்வு, மருத்துவ உரிமம் பெறக் கட்டாயமாக்கப்பட்டது. பயணச் செலவும் கட்டணமும் மிகுதி, தோற்பவரோ மிகச் சிலர் என்று மாணவர் முறையிட்டு வந்தனர். 2020-இல் கோவிட் தொற்றால் அது நிறுத்தப்பட்டு, 2021 ஜனவரியில் அடியோடு கைவிடப்பட்டது.

தேர்வு மாணவரை வகுப்புக்குக் கொண்டுவரும். மதிப்பைக் கொண்டுவருமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பட்டியலில் உள்ள வரிகளை மனனம் செய்து, நடிப்பு நோயாளரிடம் "உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லும் மாணவரைப் பற்றித் தேர்வாளர்கள் அங்கலாய்ப்பதுண்டு. தன் பேச்சைத் தானே கேட்கச் செய்யும் மெகுவையரின் வழியே எனக்கு மேலாகப் படுகிறது. தம் திறன் வளர வேண்டும் என்று கருதிய மாணவரே பாடத்தை மதித்தார் என்று நாட்டிங்ஹம் ஆய்வு காட்டியதன்றோ? தன் குறையைத் தன் காதாலேயே கேட்டவருக்கு, பேசுவதற்கும் ஒரு பாடமா என்னும் நகைப்பு வருவது கடினம்.

இதெல்லாம் எங்கோ நாட்டிங்ஹமிலும் டண்டியிலும் நடந்த கதை என்று நாம் இருந்துவிட இயலாது. நம் நாட்டில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போயின. மக்கள் பட்டணத்தின் ஓரங்களுக்குப் பெயர்ந்தனர். லயத்து வீடு போயிற்று; தோட்டத்து ஆஸ்பத்திரி போயிற்று; குறையுள்ள பாலமாயினும் பாலமாக நின்ற டிரெசரும் போயினார். அன்று அவர் முன் நின்றவர்களுள் உயிரோடு இருப்போர் இன்று முதியவர்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் சுமந்து, நகரத்து மருத்துவமனையில் எண் அழைக்கப்படுவதற்காகக் காத்திருக்கின்றனர். எதிரே இருக்கும் இளம் மருத்துவர் எந்த இனத்தவராயினும் இந்நாட்டுப் பிள்ளை. மலாயிலோ ஆங்கிலத்திலோ அன்போடுதான் பேசுகிறார். மாத்திரையை எப்போது உண்பது, எதைக் குறைப்பது, எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வருவது என்றெல்லாம் சொல்கிறார். நம் பாட்டி, "சரிங்க டாக்டர்" என்கிறார். மருத்துவர் அடுத்த எண்ணை அழைக்கிறார். வெளியே வந்த பாட்டி, மருந்துப் பையைப் பேரனிடம் நீட்டி, "அவரு என்னய்யா சொன்னாரு?" என்று கேட்கிறார். உள்ளே வராமல் வாகனம் நிறுத்தும் இடத்திலேயே நின்றுவிட்ட பேரனுக்கு அது எப்படித் தெரியும்?